தாமே கொண்டுபோனவர்

வருஷத்தின் கடைசி இரவு என்றால் குடும்பங்கள் ஒன்றுகூடும் இரவு. 1972-ம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி இரவு, கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவிலும் வீடுதோறும் விருந்தும் பாட்டுமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தீவு மக்கள் அனைவரும் போற்றிய ஒரு மனிதர் அன்றிரவு தம் வீட்டில் இல்லை. மனைவியிடமும் மூன்று சிறு பிள்ளைகளிடமும் விடைபெற்று, உணவும் மருந்தும் ஏற்றிய ஒரு பழைய சரக்கு விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். பொருள்களை அனுப்பிவிட்டு அவர் வீட்டில் இருந்திருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இருந்தும் அவர் போனார். ஏன் போனார் என்பதை அறிய, அவருடைய வாழ்க்கையை ஆதியிலிருந்து பார்க்க வேண்டும்.

அவர் பெயர் ரொபர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர். 1934-ம் வருஷம் ஆகஸ்ட் 18-ந் தேதி, போர்ட்டோ ரிக்கோவிலுள்ள கரோலினா என்னும் ஊரில், ஏழு பிள்ளைகளுக்குள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனார் மெல்ச்சோர் கரும்புத் தோட்டத்தில் கங்காணியாக வேலை பார்த்தவர். தாயார் லூயிசாவும் உழைத்துக் குடும்பம் தாங்கியவர். பெரிய வசதி இல்லை. ஆனால் வீட்டில் ஒழுங்கும் உழைப்பும் இருந்தன. பெற்றோர் மீது அவர் வைத்திருந்த மரியாதை கடைசிவரை குறையவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஈட்டி எறிவதில் அவர் பேர்பெற்றவர். அந்தக் கை வலிமையே பின்னால் பேஸ்பால் ஆட்டத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிய, எதிர்ப்பக்கத்தார் ஒருவர் உருண்ட மட்டையால் அடிப்பார். அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் வரிசையாகத் தொட்டு வந்தால் ஓர் ஓட்டம். அவர் போய்ச் சேருமுன் பந்து தளத்துக்கு வந்துவிட்டால் அவர் ஆட்டமிழக்கலாம். தளங்களுக்கு வெகு அப்பால் மைதானத்தின் எல்லையை ஒட்டி மூன்று பேர் நிற்பார்கள். தூரமாக வரும் பந்தைப் பிடிப்பதும், அதைக் குறி தவறாமல் தளத்துக்கு எறிவதும் அவர்கள் வேலை. வலப்பக்கம் நிற்பவர் மூன்றாம் தளத்துக்கு எறிய வேண்டிய தூரம் மிக நீண்டது. ஆகையால் நல்ல கை உள்ளவரையே அங்கே நிறுத்துவார்கள். கிளெமென்ட்டே நின்ற இடம் அதுதான்.

பதினெட்டாம் வயதிலேயே அவர் போர்ட்டோ ரிக்கோவின் சாந்துர்சே குழுவில் ஆடத் தொடங்கினார். 1954-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவார் 10,000 டாலர் முன்பணம் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டார்கள். அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. 4,000 டாலருக்கு மேல் முன்பணம் பெற்ற புது ஆட்டக்காரரை முதற்குழுவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் வருஷக் கடைசியில் வேறொரு குழு அவரைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். புரூக்ளின் குழுவார் அவரைக் கனடாவிலுள்ள மான்ட்ரியல் கிளைக்குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரும்பாலும் அவரை உட்கார்த்தியே வைத்திருந்தார்கள். ஆனால் ஒளித்து வைத்த விளக்கின் வெளிச்சம் தெரியாமற் போகுமா? அவ்வருஷம் தம் லீகில் கடைசியாக வந்த பிட்ஸ்பர்க் பைரட்ஸ் குழுவார் அவருடைய திறமையைக் கண்டுகொண்டு, நவம்பர் மாதத்தில் 4,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். 1955 ஏப்ரல் 17-ந் தேதி முதல் பதினெட்டுப் பருவங்கள் அவர் அந்த ஒரே குழுவுக்காக ஆடினார். அவர் சட்டையில் இருந்த எண் 21. அவருடைய முழுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் எழுத்துக்கள் அத்தனை.

அமெரிக்காவில் அவர் கண்ட உலகம் வேறு. கறுப்பர்களுக்குப் பெரிய லீகின் கதவு 1947-ல்தான் திறந்தது. கிளெமென்ட்டே கறுப்பர், அதோடு ஸ்பானிஷ் மொழி பேசுகிறவர். ஆகவே அவர் இரட்டை அந்நியராக நடத்தப்பட்டார். வருஷந்தோறும் பயிற்சிக்காகப் புளோரிடா மாநிலத்துக்குப் போவார்கள். அங்கே வெள்ளையர் தங்கும் ஓட்டலில் கறுப்பர் தங்கக் கூடாது. வழியில் பஸ் நிற்கும்போது வெள்ளை ஆட்டக்காரர்கள் இறங்கிப் போய்ச் சாப்பிடுவார்கள். கறுப்பர்கள் பஸ்ஸிலேயே காத்திருக்க, யாராவது உணவு கொண்டுவந்து கொடுப்பார்கள். கிளெமென்ட்டே இதைப் பொறுக்கவில்லை. அப்படிக் கொடுக்கப்படும் உணவை வாங்க வேண்டாம் என்று தம் தோழர்களுக்குச் சொன்னார். நிர்வாகிகளிடம் போய் நியாயம் கேட்டார். பிறகு கறுப்பு ஆட்டக்காரர்கள் தனியே போய்வர ஒரு மோட்டார் வண்டி ஏற்பாடாயிற்று. அது முழு நியாயம் அல்ல. ஆயினும் கையேந்தி நிற்கும் அவமானம் நீங்கிற்று.

பத்திரிகைக்காரர்கள் சிலர் அவருடைய ஆங்கிலத்தை, அவர் உச்சரித்தது போலவே கொச்சையாக அச்சிட்டு நகைத்தார்கள். அவர் பெயரையும் தங்கள் வசதிக்கு மாற்றி, பாப் என்றும் பாபி என்றும் எழுதினார்கள். தம் பெயர் ரொபர்ட்டோ என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1954-ம் வருஷக் கடைசியில் ஒரு மோட்டார் விபத்தில் அவர் முதுகெலும்பு பழுதடைந்திருந்தது. அந்த நோவு பல வருஷம் அவரை வாட்டியது. அதையும் வெறும் பாசாங்கு என்றவர்கள் உண்டு.

அவர் சாந்தமே உருவானவர் என்று சொல்ல முடியாது. ரோஷக்காரர், சுருக்கென்று கோபம் வரும். 1963-ல் நடுவரோடு மோதியதற்காகச் சில நாள் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். 1960-ல் பைரட்ஸ் குழு பலம் பொருந்திய நியூயார்க் யாங்கீஸ் குழுவை வென்று உலகத் தொடர் வெற்றியைப் பெற்றது. அத்தொடரின் ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்ட்டே தவறாமல் அடித்திருந்தார். அப்படியிருந்தும் அவ்வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற வாக்கெடுப்பில் அவருக்கு எட்டாவது இடமே கிடைத்தது. அந்தக் காயம் அவர் மனத்தில் நெடுநாள் ஆறவில்லை. ஆனால் அதற்கு அவர் தந்த பதில் ஆட்டத்தில்தான் இருந்தது. பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறை பந்தை நன்கு அடித்துத் தளம் சேருகிறவரே சிறந்த மட்டைக்காரர். 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு வருஷங்களில் இந்த விகிதத்தில் தம் லீகில் அவரே முதல்வர். 1966-ல் சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் வந்தது. பந்து தடுப்பதில் சிறந்தவருக்குத் தரப்படும் தங்கக் கையுறைப் பரிசை 1961 முதல் 1972 வரை பன்னிரண்டு வருஷம் விடாமல் பெற்றார்.

1964 நவம்பரில் தம் ஊர்ப் பெண்ணாகிய வேரா சபாலாவை விவாகம் செய்தார். கரோலினாவிலுள்ள சான் ஃபெர்னாண்டோ ஆலயத்தில் திருமணம் நடந்தது. மூன்று புதல்வர்கள் பிறந்தார்கள். பிள்ளைகள் மூவரும் போர்ட்டோ ரிக்கோ மண்ணிலேயே பிறக்க வேண்டும் என்று விரும்பி, பிரசவ காலங்களில் மனைவியை ஊருக்கு அனுப்பி வைத்தார். ஆட்டமில்லாத மாதங்களில் ஊர் ஊராகச் சென்று ஏழைப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். அப்பிள்ளைகளுக்காக ஒரு பெரிய விளையாட்டு நகரம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தமக்கு நேர்ந்த அவமானத்தை நினைத்து நினைத்துப் புழுங்குகிறவர் உண்டு. அதே அவமானம் பிறருக்கு நேராமல் காக்க எழுகிறவரும் உண்டு. கிளெமென்ட்டே வரவர இரண்டாம் வகையைச் சேர்ந்தவரானார். 1968 ஏப்ரல் 4-ந் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அடக்கம் முடியும் முன் ஆட மாட்டோம் என்று பைரட்ஸ் ஆட்டக்காரர்கள், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து, உறுதியாக நின்றார்கள். அந்த முடிவில் கிளெமென்ட்டேக்குப் பெரும் பங்கு உண்டு.

1971-ல் பைரட்ஸ் மறுபடியும் உலகத் தொடரில் ஆடியது. எதிரே பால்டிமோர் ஓரியோல்ஸ். கிளெமென்ட்டேக்கு வயது முப்பத்தேழு. இத்தொடரிலும் ஏழு ஆட்டங்களிலும் அடித்தார். கடைசி ஆட்டத்தில் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து அனுப்பினார். அந்த ஆட்டத்தை 2-க்கு 1 என்ற கணக்கில் பைரட்ஸ் வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே என்று அறிவித்தார்கள். தேசம் முழுவதும் டெலிவிஷனில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குமுன், தம் தாய்மொழியாகிய ஸ்பானிஷில் தீவிலிருந்த தாய் தந்தையரை அழைத்து, அவர்களுடைய ஆசீர்வாதத்தைக் கேட்டார். எந்த மொழி பேசுகிறவர் என்று நகைத்தார்களோ, அந்த மொழி அன்று அமெரிக்க வீடுகளிலெல்லாம் ஒலித்தது.

அடுத்த வருஷம், 1972 செப்டம்பர் 30-ந் தேதி, தம் 3,000-மாவது அடியை அடித்தார். அந்த எண்ணிக்கையை எட்டியவர்களில் அவர் பதினொன்றாவது ஆள். அவ்வருஷ லீக் ஆட்டங்களில் அதுவே அவருடைய கடைசி அடி. அதுவே வாழ்நாள் கணக்கின் கடைசி எண்ணும் ஆகும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

அவ்வருஷம் நவம்பரில் போர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் குழுவுக்குத் தலைமை ஆசானாக நிக்கராகுவா தேசத்துக்குப் போனார். அதன் தலைநகரான மனாகுவாவில் சில வாரம் தங்கி, அந்த ஜனங்களோடு பழகினார். விபத்தில் ஊனமுற்ற ஓர் ஏழைச் சிறுவனுக்குச் செயற்கைக் கால் கிடைக்க ஏற்பாடு செய்தார். அவர் ஊர் திரும்பிச் சில நாள்தான் ஆயிற்று. டிசம்பர் 23-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், பூமி அதிர்ச்சியால் மனாகுவா நகரம் தரைமட்டமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள்.

கிளெமென்ட்டே அந்தக் கிறிஸ்மஸைக் கொண்டாடவில்லை. சான் ஹுவான் நகரின் விளையாட்டரங்கில் இரவு பகலாக நின்று உதவி திரட்டினார். வீடு வீடாகப் போயும் கேட்டார். விமானங்களில் பொருள்கள் போயின. ஆனால் அங்கிருந்து வந்த செய்தி வேதனையானது. சொமோசா ஆட்சியின் தேசியக் காவற்படையினர் உதவிப் பொருள்களைத் தாங்களே கைப்பற்றிக்கொள்கிறார்கள்; இடிபாடுகளுக்கிடையே கிடப்பவர்களுக்கு அவை சேரவில்லை என்று கேள்விப்பட்டார். தாம் நேரில் போனால் அந்தக் கொள்ளையைத் தடுக்கலாம் என்று நம்பினார். ஆகவேதான் புத்தாண்டுக்குக் காத்திராமல் புறப்பட்டார்.

கிடைத்த விமானமோ நல்ல நிலையில் இல்லை. ஏற்றத் தகுந்த அளவுக்கு மேல் 4,000 பவுண்டுக்கும் அதிகமான பாரம் அதில் ஏறியிருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பிய சிறிது நேரத்துக்குள் அது கடலில் விழுந்தது. உள்ளே இருந்தவர் ஐவர், ஒருவரும் பிழைக்கவில்லை. கிளெமென்ட்டேக்கு வயது முப்பத்தெட்டு. ஜனங்கள் கடற்கரையில் பல நாள் காத்து நின்றார்கள். கரோலினாவில், அவர் மணம் முடித்த அதே ஆலயத்தில், அவருக்காக நடந்த பூசைக்குக் குழுவினர் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தார்கள். நண்பர் மானி சாங்கியேன் மட்டும் வரவில்லை. அவர் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். கிளெமென்ட்டேயின் உடல் கிடைக்கவே இல்லை.

பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஒருவரைச் சேர்ப்பதற்கு, அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் கழிய வேண்டும். இவருக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1973-ல் 424 வாக்குகளில் 393 பெற்று அவர் சேர்க்கப்பட்டார். இலத்தீன் அமெரிக்கர்களில் அவரே முதல்வர். பிறர்க்கு உதவுவதில் சிறந்த ஆட்டக்காரருக்கான பரிசுக்கும் அவ்வருஷமே அவர் பெயரை வைத்தார்கள். அவர் ஆசைப்பட்ட விளையாட்டு நகரம் பின்னர் கரோலினாவில் எழுந்தது. அவருடைய மனைவி வேரா, 2019-ல் தாம் இறக்கும் வரை, கணவர் விட்டுச்சென்ற பணியைத் தம் பணியாகவே கொண்டிருந்தார்.

அவர் எறிந்த பந்து இருநூறு அடிக்கும் அப்பாலிருந்து குறி தவறாமல் தளம் சேரும். கைவிட்டுப் போனது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டும்; அதுதான் அவர் ஆட்டம். தருமத்திலும் அவர் எதிர்பார்த்தது அதையே. ஒரு ரூபாய் கொடுத்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று வீடு திரும்பும் நமக்கு, அந்த ரூபாய் யார் கையில் சேர்ந்தது என்று திரும்பிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. இன்று நம் தெருவிலேயே ஒரு நோயாளிக்கு மருந்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் நாமே எடுத்துக்கொண்டு போய், அரை நாழிகை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால், கிளெமென்ட்டே ஏன் அந்த விமானத்தில் ஏறினார் என்பது சிறிதளவாவது நமக்கு விளங்கும்.