தொண்டைக்குள் விளக்கு பிடித்த டாக்டர்

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியைப் பற்றிப் படித்தபோதுதான் செவாலியர் ஜாக்சன் என்ற அமெரிக்க டாக்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது. செவாலியர் என்பது நம்ம சிவாஜிக்குக் கிடைத்த மாதிரி பட்டம் இல்லைங்க, அவர் பெயரே அதுதான்.

1865-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். ஒல்லியான பையன் என்பதால் மற்ற பையன்கள் படாத பாடு படுத்தினார்கள். கண்ணைக் கட்டி, பாழடைந்த நிலக்கரிக் குழியில் தள்ளிவிட்டுப் போனார்களாம். 1886-ல் டாக்டர் ஆனார்.

1890 வாக்கில், உணவுக்குழாய்க்குள் பார்க்க நேரான உலோகக் குழாய் ஒன்றைச் செய்தார். ஒருவர் விழுங்கிய பல்செட்டையும், ஒரு குழந்தை விழுங்கிய காசையும் அதன் வழியாக எடுத்தார். ஆனால் பழக்கமில்லாத டாக்டர்கள் அதே குழாயை விட்டதில் நோயாளிகளுக்கு ஆபத்து வந்தது. உடனே அதைப் பரப்புவதையே நிறுத்திவிட்டார்! பிறகு நுனியில் குட்டி விளக்கு வைத்துத் திருத்தி, முறையாகப் பயிற்சி கொடுத்த பிறகே மற்றவர்கள் கையில் விட்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். இரண்டு கையாலும் கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துவாராம்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு காஸ்டிக் சோடா இருக்கும். சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டுவிடும். உணவுக்குழாய் வெந்துபோய், புண் ஆறும்போது சுருங்கி அடைத்துக்கொள்ளும். அப்படிப் பல நாளாகத் தண்ணீர்கூட இறங்காத ஒரு சின்னப் பெண்ணுக்கு ஜாக்சன் அடைப்பை எடுத்தார். அவள் பயந்து பயந்து ஒரு வாய் குடித்தாள். தண்ணீர் இறங்கியது! அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாளாம்.

வைத்தியம் மட்டும் பார்த்தால் போதாது என்று, டப்பாவில் விஷம் என்று அச்சடிக்கச் சொல்லி வருஷக்கணக்காகப் போராடினார். கம்பெனிகள் எதிர்த்தன. ஆனாலும் 1927-ல் சட்டம் வந்துவிட்டது. அவர் வெளியே எடுத்த ஊக்கு, காசு, எலும்பு என 2,374 பொருட்கள் பிலடெல்பியா மியூட்டர் மியூசியத்தில் இழுப்பறைகளில் இருக்கின்றன.

1957-ல் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் வளையும் குழாயைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம், 92 வயதில் ஜாக்சன் இறந்தார்.

காஸ்டிக் சோடாவால் வெந்த குழாயில் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அது மேல்தோலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால், இப்போது நெஞ்சைக் கிழிக்கத் தேவையில்லை. வளையும் குழாய் வழியாக அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றுகிறார்கள். அந்த இடம் கொப்புளம் மாதிரி எழும்புகிறது. கம்பிச் சுருக்கையோ சின்னக் கத்தியையோ வைத்து அதை மட்டும் அறுத்து எடுக்கிறார்கள். ஆழமாகப் பரவிவிட்டால் இது போதாது, பெரிய ஆபரேஷன்தான். சீக்கிரம் பார்த்தவர்களோ, பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே பால், கஞ்சி என்று குடிக்க ஆரம்பிக்கிறார்கள்.