பட்டம் இல்லை... ஆனால் பேராசிரியர்! யார் இந்த ராகுல் சாங்கிருத்தியாயன்?

வீட்டில் தாத்தா காலத்துப் புத்தக அலமாரி இருந்தால் ஒருமுறை தேடிப் பாருங்க. ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ அதில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த கண. முத்தையா, பர்மா சிறையில் வைத்துத் தமிழுக்குக் கொண்டுவந்த நூல் அது. அதை இந்தியில் எழுதியவரும் சிறையில் இருந்துதான் எழுதினார். அவர்தான் ராகுல் சாங்கிருத்தியாயன். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். ஆனால், லெனின்கிராடிலும் இலங்கையிலும் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர்.

ஓட்டம் எங்கே தொடங்கியது?

1893 ஏப்ரல் 9. உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் பிறந்தார். இயற்பெயர் கேதார்நாத் பாண்டே. வளர்ந்தது தாய்வழித் தாத்தா வீட்டில். தாத்தா முன்னாள் சிப்பாய். ஹைதராபாத் பக்கம் பணியாற்றியவர். அவர் சொன்ன ஊர்க் கதைகளும், உருது பாடப்புத்தகத்தில் உலகைச் சுற்றிப் பார்க்கச் சொன்ன 2 வரிக் கவிதையும் பையனின் மனதில் ஒட்டிக்கொண்டன. சின்ன வயதிலேயே ஒரு கல்யாணத்தையும் செய்துவைத்தார்கள். பதின்ம வயதில் வீட்டைவிட்டு கல்கத்தாவுக்கு ஓடினார். திரும்பி வந்தார், மறுபடி ஓடினார்.

ஒரே ஆள், எத்தனை அவதாரம்?

முதலில் வைணவ சாது. பிகாரின் பர்சா மடத்தில் அடுத்த மகந்த் ஆகும் வாய்ப்பே கைக்கு வந்தது. நிலபுலன், வசதி எல்லாம் தேடி வந்தும் அங்கே கால் தங்கவில்லை. 1913-ல் தெற்கே வந்தவர், சென்னைக்கு அருகே திருமழிசையில் தங்கிப் படித்தார். சடங்குகள் மீது கேள்வி வந்ததும் ஆரிய சமாஜம். பிறகு ஒத்துழையாமை இயக்கம், காங்கிரஸ், சிறை.

1927-ல் இலங்கை போனார். களனி வித்யாலங்கார பிரிவேனாவில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தபடியே பாலி கற்றார். பவுத்தம் அவரை மாற்றியது. 1930-ல் துறவியாகி, புத்தரின் மகன் பெயரான ராகுலைச் சூடிக்கொண்டார். குலப்பெயரில் இருந்து சாங்கிருத்தியாயன் வந்தது.

திபெத்தில் என்ன செய்தார்?

இந்தியாவில் அழிந்துபோன பவுத்த நூல்கள் திபெத் மடாலயங்களில் இருக்கும் என்று நம்பினார். ஆனால் இந்தியர்கள் அங்கே எளிதில் நுழைய முடியாத காலம் அது. 1929-ல் நேபாளம் வழியாக மாறுவேடத்தில் கிளம்பிட்டார். கொள்ளையர் பயம் உள்ள மலைப்பாதை. சந்தேகப்படும்படி யாராவது எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டி பிச்சை கேட்பார். பிச்சைக்காரனிடம் யார் கொள்ளையடிப்பார்கள்?

திரும்பும்போது 22 கோவேறு கழுதைகளில் நூல்களும் ஓவியங்களும் வந்தன. அவை பாட்னா அருங்காட்சியகத்துக்குச் சென்றன. பிறகு 1934, 1936, 1938 என மேலும் 3 பயணங்கள். தர்மகீர்த்தியின் ‘பிரமாணவார்த்திகம்’ போன்ற நூல்களின் சமஸ்கிருத மூலம் உலகுக்குக் கிடைக்க இந்தப் பயணங்கள்தான் வழி செய்தன.

காவி உடை எப்போது போனது?

1939-ல் பிகார் விவசாயிகளோடு ஜமீன்தாருக்கு எதிராக அம்வாரியில் கரும்பு வெட்டும் போராட்டத்தில் இறங்கினார். ஜமீன்தாரின் ஆள் அடித்ததில் மண்டை உடைந்தது. ரத்தம் வழிய வழியக் கைதானார். துறவியாக இருந்தவர் கம்யூனிஸ்ட் ஆனார். மீண்டும் சிறைக்குப் போய், 1942-ல் ஹசாரிபாக் சிறையில் எழுதியதுதான் 20 கதைகள் கொண்ட ‘வால்கா’. மொழிப் பிரச்சினையில் கருத்து வேறுபட்டு, பின்னர் கட்சியையும் விட்டு வெளியேற வேண்டிவந்தது.

இதற்கு யார் விலை கொடுத்தார்கள்?

சின்ன வயதில் நடந்த கல்யாணத்தை அவர் ஏற்கவே இல்லை. ஆனால், அவர் பெயரால் மனைவியாக்கப்பட்ட பெண் கிராமத்திலேயே இருந்தார். 50 வயது வரை சொந்த மாவட்டத்துக்குள் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டு, 1943-ல்தான் திரும்பினார். ரஷ்யாவில் லோலாவை மணந்து ஈகோர் என்ற மகன் பிறந்தான். அவர்களையும் 1947-ல் பிரிந்து வந்தார். ஊர்சுற்றுவதையே ஒரு தத்துவமாக ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்ற நூலில் எழுதினார். அந்தச் சுதந்திரம் அவர் வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்ததா என்பது இன்றைய வாசகர் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியில் என்ன ஆனது?

‘மத்திய ஆசியாவின் வரலாறு’ நூலுக்கு 1958-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1959-ல் பழைய களனிக்கே பேராசிரியராகப் போனார். பிறகு 1961-ல் நினைவு தப்பத் தொடங்கியது. பல மொழிகள் பேசியவருக்குச் சொந்த மனிதர்களின் பெயர்கூட வராத நிலை. மாஸ்கோவில் சிகிச்சை கொடுத்தும் பலனில்லை. 1963-ல் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்ட சில மாதங்களில், ஏப்ரல் 14 அன்று டார்ஜிலிங்கில் இறந்தார்.

ஒரு நம்பிக்கையைக் கையில் எடுப்பார், அதை வாழ்ந்து பார்ப்பார், பொருந்தலைன்னா இறக்கி வைத்துவிட்டு நடப்பார். நினைவு தப்பும் வரை அந்த நடை நிற்கவில்லை.