டப்ளின் பாதிரியார் போட்ட வேஷங்கள்

கலிவர் குள்ளர் தேசத்துக்குப் போன கதையை நாம் எல்லோருமே சின்ன வயசில் படித்திருப்போம். ஆறு அங்குல மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு ஆளைத் தரையோடு கட்டிப் போட்ட அந்தப் படத்தை யாரால் மறக்க முடியும்? ஆனால் அந்தக் கதையை எழுதியவரைக் காட்டிக் கொடுத்தால் 300 பவுண்டு பரிசு என்று ஒரு சமயம் அரசாங்கமே அறிவித்திருந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் எதற்காக? அரைப் பென்னி செப்புக் காசுக்காக!

அவர்தான் ஜோனதன் ஸ்விஃப்ட். 1667-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். பெரியப்பா தயவில் படிப்பு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1686-ல் பட்டம் வாங்கினார். அதுகூட ஒழுங்காகத் தேறி வாங்கியதில்லை, ‘சிறப்புக் கருணை’ என்ற பெயரில் கொடுத்த பட்டம். அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக் கொள்ளலாம்!

பிறகு இங்கிலாந்தில் ஒரு பெரிய மனிதரிடம் செயலாளர் வேலை, அப்புறம் சர்ச்சில் குருவானவர். 1710-ல் லண்டனில் டோரி கட்சி அமைச்சர்களுக்காகப் பத்திரிகையில் எழுதினார். ஆமாம், நம்ம ஆள் கொஞ்ச காலம் ஆளுங்கட்சிப் பேனாதான், அதை மறைப்பானேன்? இங்கிலாந்தில் பெரிய பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு 1713-ல் கிடைத்தது டப்ளின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் டீன் பதவி. (மருத்துவக் கல்லூரி டீன் இல்லை, பேராலயத்துத் தலைமைக் குரு.) அடுத்த வருஷமே அவருடைய கட்சி கவிழ்ந்தது. நாடு கடத்தப்பட்டவர் மாதிரி மனம் நொந்துதான் சொந்த ஊர் திரும்பினார்.

திரும்பி வந்த ஊர் எப்படி இருந்தது? அயர்லாந்தின் கம்பளித் துணி வெளிநாடு போகக் கூடாது என்று இங்கிலாந்து 1699-லேயே தடை போட்டிருந்தது. நிலம் அயர்லாந்தில், குத்தகைப் பணத்தைச் செலவழிக்கும் நிலச்சுவான்தார் லண்டனில். அயர்லாந்துக்கான சட்டத்தை லண்டன் பாராளுமன்றமே போடலாம் என்று 1720-ல் எழுதியே வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் ஸ்விஃப்ட் பெயர் போடாமல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். உள்நாட்டுத் துணியையே உடுத்துங்கள் என்பதுதான் விஷயம். அச்சடித்தவர்மீது வழக்குப் பாய்ந்தது. ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். தலைமை நீதிபதி விட்ஷெட் விடவில்லை, மறுபடி யோசியுங்கள் என்று ஒன்பது முறை திருப்பி அனுப்பினார்!

இனிமேல்தான் செப்புக் காசு வருகிறது.

அயர்லாந்தில் சொந்த நாணயச் சாலை கிடையாது. சில்லறைத் தட்டுப்பாடு உண்மையாகவே இருந்தது. 1722-ல் வில்லியம் வுட் என்ற இரும்பாலை முதலாளிக்குச் செப்புக் காசு அடிக்கும் உரிமையை அரசர் கொடுத்தார். கொடுத்தது நேராக இல்லை. அரசரின் ஆசைநாயகி கெண்டல் சீமாட்டிக்குக் கிடைத்த உரிமையை வுட் 10,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். நாம் டெக்னிக்கல் ஆட்கள், கணக்கைப் பார்ப்போம். 14 வருஷத்தில் 360 டன் செப்பு. ஒரு பவுண்டு எடைச் செப்பில் 30 பென்ஸ் அடிக்கலாம். இங்கிலாந்துக் காசுக்கு அதே எடையில் 23 பென்ஸ்தான்! ஒரு டன்னுக்கு 2,240 பவுண்டு எடை, ஒரு பவுண்டு பணத்துக்கு 240 பென்ஸ். பெருக்கி வகுத்தால் 1,00,800 பவுண்டு பணம். அயர்லாந்துப் பாராளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை எதிர்த்து ஒரு டீன் என்ன எழுதுவார்? பிரசங்கம் எழுதுவார், லத்தீன் மேற்கோள் போடுவார். ஸ்விஃப்ட் என்ன செய்தார் தெரியுமா? டப்ளின் கடைவீதியில் துணி விற்கும் ஒரு சாதாரண வியாபாரியாக வேஷம் போட்டார். எம்.பி. டிரேப்பியர் என்று கையெழுத்து. 1724-ல் முதல் கடிதம். பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் பக்கத்துக் கடைக்காரனிடம் புலம்புகிற பாஷை. இந்தக் காசு வந்தால் தங்கமும் வெள்ளியும் கடல் தாண்டிப் போய்விடும், வாடகை கொடுக்க வண்டி வண்டியாகச் செப்புத்தான் தூக்க வேண்டும் என்று பயம் காட்டினார். அரசரைத் திட்டவில்லை. அரசரே பாவம், ஏமாந்துவிட்டார் என்ற தோரணை! அதனால் ராஜதுரோகம் என்று சட்டென்று கை வைக்க முடியவில்லை. படித்தவனுக்கும் புரிந்தது, படிக்கத் தெரியாதவனுக்குப் பக்கத்து ஆள் வாசித்துக் காட்டினாலும் புரிந்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? காசைச் சோதிக்க ஆளைப் பிடித்தது. யாரை? லண்டன் நாணயச் சாலைத் தலைவர் சர் ஐசக் நியூட்டனை! ஆமாம், நம்ம மெக்கானிக்ஸ் புத்தகத்தில் மூன்று விதியோடு வருகிறாரே, அதே நியூட்டன். செப்பு சுத்தமாக இருக்கிறது, ஒப்பந்தப்படிதான் இருக்கிறது, தனித்தனிக் காசுகளின் எடை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே என்று 1724 ஏப்ரலில் அறிக்கை வந்தது. டிரேப்பியர் அசரவில்லை. சோதிக்கக் கொடுத்த சாம்பிள் நல்லதாக இருந்தால் மொத்தச் சரக்கும் நல்லது என்று அர்த்தமா என்று கேட்டார். லேபில் நாமும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். உலோகக் கணக்கில் ஜெயித்தது நியூட்டன்தான். காசு டிரேப்பியர் சொன்ன அளவுக்கு மட்டமில்லை, ஸ்விஃப்ட் ரொம்பவே ஊதிப் பெரிதாக்கினார். ஆனால் நியூட்டனிடம் கேட்கப்பட்டது செப்பு சுத்தமா என்ற கேள்வி. எங்களைக் கேட்காமல் எங்கள் பையில் காசு போட நீ யார் என்பது ஸ்விஃப்டின் கேள்வி. அதற்கு எந்தத் தராசிலும் பதில் இல்லை. நான்காவது கடிதத்தில் வியாபாரி அதை நேராகவே கேட்டுவிட்டார். ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாத ஆட்சி அடிமைத்தனம் என்று எழுதினார். காசு விவகாரம் அதோடு காசு விவகாரமாக இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் அந்த 300 பவுண்டு அறிவிப்பு, 1724 அக்டோபரில். எழுதியது யார் என்று டப்ளினில் தெரியாதவர் இல்லை. அறிவிப்பில் கையெழுத்திட்ட கவர்னர் கார்ட்டரெட்டே ஸ்விஃப்டின் நண்பர்! ஆனாலும் ஒருவர்கூடப் போய்ச் சொல்லவில்லை. பைபிளில் யோனத்தானை ஜனங்கள் காப்பாற்றுகிற வசனத்தை ஊரெல்லாம் வாய்வழியாகப் பரப்பினார்களாம், பெயர் பொருந்துகிறது பாருங்கள். கடிதங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்த வேலைக்காரர் ஒரு ராத்திரி நேரம் கழித்து வந்தபோது, பரிசை நினைத்துத் திமிரா என்று ஸ்விஃப்ட் அப்போதே அவரை வெளியே அனுப்பிவிட்டார் என்றும், அவர் வாயைத் திறக்கவே இல்லை என்றும், ஆபத்து நீங்கியதும் பேராலயத்திலேயே வேலை போட்டுக் கொடுத்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

அகப்பட்டது அச்சடித்த ஜான் ஹார்டிங். கைது செய்தார்கள். விட்ஷெட் மறுபடியும் மிரட்டிப் பார்த்தார், ஜூரிகள் மசியவில்லை. 1725-ல் வுட்டின் உரிமை வாபஸ் ஆனது, அவருக்கு நஷ்டஈடும் கிடைத்தது. அந்தச் செய்தியைக் கேட்க ஹார்டிங் இல்லை. அதே வருஷம் அதற்கு முன்பே இறந்து போயிருந்தார். வேஷம் போட்டவர் தப்பினார், வேஷத்துக்கு மை தடவியவர் மாட்டினார்.

‘கலிவர்’ 1726-ல் வந்தது. இந்தத் தடவை கப்பல் டாக்டர் வேஷம். கையெழுத்துப் பிரதி வேறொருவர் கையில் எழுதி, வேறு பெயரில் பதிப்பாளருக்குப் போனது. கயிற்றின்மேல் குதித்துக் காட்டி மந்திரி பதவி வாங்கும் குள்ளர்கள் யார் என்று லண்டனில் எல்லோருக்கும் புரிந்தது. நமக்குக் குழந்தைப் புத்தகத்தில் விட்டுப்போன இடம் ஒன்று உண்டு. காந்தத்தால் மிதக்கும் தீவில் ராஜா. கீழே எந்த ஊர் முறைத்தாலும் அதன்மேல் வந்து நின்று வெயிலையும் மழையையும் மறைப்பார். ஓர் ஊர் மட்டும் நான்கு மூலையிலும் கோபுரம் கட்டி, உச்சியில் பெரிய காந்தக் கல் வைத்து, தீவை இழுத்து மாட்ட வழி செய்துவிட்டது! அந்த ஊர் டப்ளின்தான். அந்தப் பகுதி 1899 வரை புத்தகத்தில் அச்சாகவே இல்லை.

1729-ல் கடைசிப் பெரிய வேஷம். தொடர்ந்து விளைச்சல் பொய்த்து, டப்ளின் தெருவெல்லாம் பிள்ளைகளோடு பிச்சை எடுக்கும் தாய்மார்கள். ஸ்விஃப்ட் ஒரு திட்ட நிபுணராக மாறினார். நம்ம எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பேப்பர் மாதிரியே நிதானமான நடை. வருஷம் 1,20,000 ஏழைக் குழந்தைகள். 20,000 பேரை ஒதுக்கு. மீதி ஒரு லட்சத்தை ஒரு வயதானதும் பணக்காரர் சாப்பாட்டு மேஜைக்கு விற்றுவிடலாம். வளர்க்க 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு லாபம் 8. படிக்கிறவன் குடல் நடுங்குகிறது, எழுதுகிறவர் குரல் நடுங்கவில்லை. நடுவில், வெளியூர் நிலச்சுவான்தாருக்கு வரி போடு, உள்நாட்டுச் சரக்கை வாங்கு என்கிற யோசனைகளெல்லாம் என்னிடம் பேசாதீர்கள் என்று நிபுணர் கையை வீசித் தள்ளுகிறார். ஒன்பது வருஷமாக ஸ்விஃப்ட் சொந்தக் குரலில் கெஞ்சிக் கொண்டிருந்தது அதே யோசனைகளைத்தான்! அந்தப் பிரசுரத்தை அச்சடித்தவர் யார் தெரியுமா? ஹார்டிங்கின் விதவை சாரா ஹார்டிங்.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். கத்தோலிக்கரை நசுக்கிய சட்டங்களை எடுக்கச் சொல்லி அவர் போராடவில்லை. தன் சர்ச்சின் சலுகைகளைக் கடைசிவரை விட்டுக் கொடுக்கவும் இல்லை. காது மந்தமும் தலைச்சுற்றலும் வாழ்நாள் முழுக்க வாட்டின. 1742-ல் சொத்தைப் பார்த்துக் கொள்ளும் புத்தித் தெளிவு இல்லை என்று முடிவு செய்தார்கள். 1745 அக்டோபர் 19-ல் இறந்தார். மிச்சம் வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியை மனநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட எழுதி வைத்திருந்தார். 1757-ல் அது திறக்கப்பட்டது. செயின்ட் பேட்ரிக் ஆஸ்பத்திரி என்ற பெயரில் டப்ளினில் இன்றும் நடக்கிறது.