குழுவைக் குடும்பமாக்கிய இசைமேதை டியூக் எலிங்டன்

ஒரு குரல் தனித்து ஒலித்தால் இனிமை. பல குரல்கள் இணைந்து ஒலித்தால் அதனினும் இனிமை. ஆனால் பலரை ஒன்றாக இணைப்பது எவ்வளவு கடினம் என்பதை, ஆண்டு விழாவுக்காகப் பாடற்குழுவில் நின்று பயிற்சி செய்த நாம் ஒவ்வொருவரும் அறிவோம். ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள், ஒருத்தி கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவாள். இத்தகைய ஒரு குழுவை ஓரிரு மாதங்கள் அல்ல, ஏறத்தாழ 50 ஆண்டுகள் கலையாமல் காத்தவர் அமெரிக்க ஜாஸ் இசைமேதை டியூக் எலிங்டன். அவர் வாழ்க்கையைச் சற்றே நோக்குவோம்.

எட்வர்டு கென்னடி எலிங்டன் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் செல்வர் வீடுகளில் விருந்து பரிமாறும் பணியாளர். சில வேளைகளில் ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிலும் அப்பணியைச் செய்ததுண்டு. தாய் டெய்சி, தம் மகன் இறைவனின் ஆசி பெற்ற பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தார். ஞாயிறுதோறும் தந்தையின் மெத்தடிஸ்ட் கோவிலுக்கும் தாயின் பாப்டிஸ்ட் கோவிலுக்கும் சிறுவன் சென்று வருவான். நடையிலும் உடையிலும் பேச்சிலும் மிடுக்குடன் விளங்கிய அவரைத் தோழர்கள் டியூக், அதாவது கோமகன், என்று அழைத்தனர். அப்பெயரே நிலைத்தது.

சிறு வயதில் பியானோ கற்கத் தொடங்கிய அவருக்கு முதலில் அதில் நாட்டமில்லை. பந்து விளையாட்டிலேயே மனம் சென்றது. வளர்ந்தபின் ஊரிலிருந்த பியானோக் கலைஞர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே இசையின்பால் ஈர்க்கப்பட்டார். ஓவியத்திலும் அவர் வல்லவர். நியூயார்க்கில் ஓவியம் பயில உதவித்தொகை கிடைத்தும் அதை மறுத்து இசையைத் தேர்ந்தார். ஆயினும் கைத்தொழிலைக் கைவிடவில்லை. நடன நிகழ்ச்சிக்கு விளம்பரப் பலகை எழுதித் தரும்படி யாரேனும் வந்தால், வாசிக்க ஆள் வேண்டுமா என்று கேட்பார். வாசிக்க ஆள் கேட்டு வந்தால், பலகை எழுதவேண்டுமா என்பார். இப்படித்தான் அவருடைய முதல் சிறு குழு உருவாயிற்று.

1923இல் நியூயார்க் சென்ற அவர், 1927 டிசம்பரில் ஹார்லம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் என்னும் விடுதியில் வாசிக்கத் தொடங்கினார். அங்கிருந்து வானொலி வழியே அவர் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆனால் ஒரு கொடுமை. அவ்விடுதியின் மேடையில் ஆடியவர்களும் வாசித்தவர்களும் கறுப்பினத்தவர்; இருக்கைகளில் அமர்ந்து கேட்கும் உரிமையோ வெள்ளையருக்கு மட்டுமே. தென் மாநிலங்களுக்குப் பயணம் போனபோது, கைதட்டி மகிழ்ந்த ஊரிலேயே இக்கலைஞர்களுக்கு உண்ண ஓட்டலும் உறங்க அறையும் கிடைக்கவில்லை. எலிங்டன் சோர்ந்துவிடவில்லை. 1930களில் படுக்கை வசதியுள்ள இரயில் பெட்டிகளைக் குழுவுக்கென்றே வாடகைக்கு அமர்த்தினார். அப்பெட்டிகளே அவர்களுக்கு உணவு விடுதியும் உறைவிடமும் ஆயின. எவர் முன்னும் கைகட்டி நிற்காமல் தம் மக்கள் தலைநிமிர்ந்து பயணம் செய்ய வழி கண்டார்.

டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் என்னும் ஊதுகருவிகள் மூன்று அணிகளாக அமர, பியானோவும் பாஸும் டிரம்ஸும் அவற்றைத் தாங்கி நிற்பதே பெரிய ஜாஸ் இசைக்குழுவின் அமைப்பு. எலிங்டனின் குழுவில் ஏறத்தாழ 15 பேர் இருந்தனர். மற்ற இசையமைப்பாளர்கள் கருவிக்காக இசை எழுதினார்கள். இவரோ மனிதர்களுக்காக எழுதினார். தாளின் தலைப்பில் கருவியின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரையே குறிப்பார். ஜானி ஹாட்ஜஸின் சாக்சபோன் எப்படி உருகும், கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட் எப்படி உறுமும் என்றெல்லாம் உணர்ந்து, ஒவ்வொருவரின் தனித்தன்மையும் வெளிப்படும்படி அமைப்பார். 1939இல் வந்து சேர்ந்த இளைஞர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் அவருக்கு வலக்கரம் போலானார். குழுவின் அடையாளமாகவே விளங்கிய "டேக் தி ஏ டிரெயின்" என்னும் புகழ்பெற்ற இசை ஸ்ட்ரேஹார்ன் படைத்ததே.

உலகப் போருக்குப்பின் மக்களின் சுவை மாறியது. பெரிய இசைக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எலிங்டனின் குழுவிலிருந்தும் ஹாட்ஜஸ் உள்ளிட்ட சிலர் 1951இல் விலகினர். நிகழ்ச்சிகளால் வந்த வருவாய் போதாதபோது, தாம் எழுதிய பாடல்களுக்குக் கிடைத்த உரிமைத்தொகையைக் கொண்டே கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். தமக்கெனச் சேர்த்துவைத்திருந்தால் செல்வராக ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால், எழுதிய இசையை உடனே கேட்கத் தம் குழு உடனிருப்பதே அவருக்குப் பெருஞ்செல்வமாக இருந்தது. விலகிச் சென்ற ஹாட்ஜஸ் 1955இல் திரும்பி வந்தபோது குழுவின் கதவு திறந்தே இருந்தது. அடுத்த ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் பால் கான்சால்வஸ் ஒரே மூச்சில் என்று சொல்லும்படி 27 சுற்றுகள் சாக்சபோன் வாசித்தார். மக்கள் எழுந்து ஆரவாரித்தனர்; எலிங்டனின் புகழ் மீண்டும் உயர்ந்தது. 1963இல் அக்குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1965இல் அவருடைய நெடுநாள் தொண்டுக்காக புலிட்சர் சிறப்பு விருது வழங்கலாம் என்று நடுவர்கள் பரிந்துரைத்தனர். மேல்குழு மறுத்துவிட்டது. இதைக் கண்டித்து நடுவர் இருவர் பதவி விலகினர். அதே ஆண்டு செப்டம்பரில் எலிங்டன் சான்பிரான்சிஸ்கோ நகரின் கிரேஸ் பேராலயத்தில் தம் முதல் திருவிசை நிகழ்ச்சியை நடத்தினார். மனிதர் மறுத்த சிறப்பை எண்ணிக் கலங்காமல், இறைவன் திருமுன் தம் இசையைக் காணிக்கையாக்கினார். நாள்தோறும் விவிலியம் வாசித்த அவர், தம் படைப்புகளிலெல்லாம் இதையே தலையாயதாகக் கருதினார். 1969இல், தம் 70ஆம் பிறந்த நாளில், நாட்டின் உயரிய விருதான சுதந்திரப் பதக்கத்தை வெள்ளை மாளிகையிலேயே பெற்றார். தந்தை விருந்து பரிமாறிய மாளிகையில் மகன் விருந்தினராக அமர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்!

1974 மே 24ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். நியூயார்க்கில் தூய யோவான் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பெற்றோரின் கல்லறை அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். குழுவோ கலையவில்லை. டிரம்பெட் வாசித்தும் பயண ஏற்பாடுகளைக் கவனித்தும் வந்த மகன் மெர்சர் அதன் பொறுப்பை ஏற்று, 1996இல் தாம் மறையும்வரை நடத்தினார். 1927இல் சேர்ந்து தலைவரைப் பிரியாதிருந்த ஹாரி கார்னி, அதே 1974 அக்டோபரில் அவரைப் பின்தொடர்ந்தார். தந்தையின் கையெழுத்துத் தாள்களை மெர்சர் பாதுகாத்து 1988இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் சேர்ப்பித்தார். 1983 முதல் பல நாட்டு இரசிகர்கள் மாநாடுகள் கூட்டி, பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு, குழுவில் வாசித்தவர்களின் நினைவுகளையும் கேட்டறிந்தனர். மறுக்கப்பட்ட புலிட்சர் சிறப்பு, நூற்றாண்டான 1999இல் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அதைக் கையில் வாங்க அவர் இல்லை. எனினும், அவர் இசையை மறவாத உள்ளங்கள் எத்தனையோ இருந்தன.

அன்புத் தோழியரே, நம் வகுப்பிலும் நன்றாகப் பாடுபவள் ஒருத்தி, மெல்லப் பேசுபவள் ஒருத்தி, கோபித்துக்கொண்டு போனவள் ஒருத்தி உண்டு. அவர்களை ஒரே அச்சில் வார்க்க முயலாமல், அவரவர் குரலுக்கு ஏற்ற இடத்தை ஒதுக்கிக் கொடுப்போம். போனவள் திரும்பி வந்தால் அவளது இருக்கை அவளுக்காகக் காத்திருக்கட்டும். அப்பொழுது நம் பள்ளியும் ஒரு நல்லிசைக்குழுவாகத் திகழும்.