சாமுவேல் தாம்சனும் மூலிகை மருத்துவ இயக்கமும்: பொதுமையும் உடைமையும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவிய தாம்சனிய மருத்துவம், மருத்துவ அறிவைக் கற்றோர் குழுவிடமிருந்து குடும்பங்களின் கைக்கு மாற்ற முயன்ற மக்கள் இயக்கமாகும். அதன் நிறுவனர் சாமுவேல் தாம்சனின் (1769-1843) வாழ்க்கைவழி, அவ்வியக்கத்தின் வளர்ச்சியிலும் பிளவிலும் காப்புரிமை பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் பட்டறிவும்

நியூ ஹாம்ப்சயரின் ஆல்ஸ்டெட் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் தாம்சன் பிறந்தார். பள்ளிக்கல்வி அவருக்கு மிகச் சிறிதே வாய்த்தது. மூலிகை வைத்தியம் செய்த பெண்ணொருவருடன் சென்று செடிகொடிகளை அறிந்தார். சிறுவயதில் அவர் மென்று பார்த்த லொபீலியாவின் வாந்தியுண்டாக்கும் இயல்பு பின்னாளில் அவரது மருத்துவத்திற்கு அடிப்படையாயிற்று. 1790இல் தாய் மருத்துவர்களின் சிகிச்சையின்போது இறந்ததும், மகப்பேற்றுக்குப்பின் நோயுற்ற மனைவி வேர்மருத்துவர்களால் பிழைத்ததும் அவரைப் புதுவழி தேடச்செய்தன.

மருத்துவக் கோட்பாடு

குருதி வடித்தலும் பாதரச மருந்தளித்தலும் அக்கால மருத்துவர்தம் முதன்மை முறைகள். தாம்சனோ உயிர் வெப்பத்தால் நிலைபெறுகிறது, நோய் குளிர்ச்சியால் விளைகிறது எனக் கொண்டார். எனவே லொபீலியாவால் வயிற்றைத் தூய்மைசெய்து, மிளகாயால் வெப்பத்தை நிலைநிறுத்தி, வேதுபிடித்து வியர்வையை வெளியேற்றினார். மருந்துகளை ஒன்றுமுதல் ஆறுவரை எண்ணிட்டமையால் எளியோரும் அவற்றைக் கையாள முடிந்தது. ஆறாம் எண் மருந்தில் வெள்ளைப்போளமும் மிளகாயும் இடம்பெற்றன.

வழக்கும் காப்புரிமையும்

நோயாளி ஒருவரின் இறப்புத் தொடர்பாகக் கொலைக்குற்றம் சாட்டப்பெற்ற தாம்சன், 1809 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் விசாரிக்கப்பெற்றார். கொல்லும் தீய நோக்கம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுதலை பெற்றார். எனினும் தம் முறைக்குச் சட்டப் பாதுகாப்புத் தேவை என்பதை உணர்ந்து 1813இல் காப்புரிமை பெற்றார். 1822இல் மருத்துவ வழிகாட்டி நூலைத் தன்வரலாற்றுடன் வெளியிட்டார். 20 டாலர் செலுத்திய குடும்பம் அம்முறையைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. முகவர்கள் ஊர்தோறும் உரிமைகளை விற்றனர்; உரிமை பெற்றோர் சங்கங்களாகக் கூடினர்.

பிளவும் விளைவும்

1832இல் ஓஹியோவின் கொலம்பசில் இயக்கத்தின் தேசிய மாநாடு கூடியது. ஆல்வா கர்டிஸ் முதலானோர் மருத்துவக் கல்லூரி நிறுவ விழைந்தனர். கல்லூரி புதியதொரு கற்றோர் குழுவையே உருவாக்கும் எனத் தாம்சன் மறுத்தார்; தம் முறையைப் பிறர் மாற்றுவதையும் ஏற்றிலர். 1838இல் இயக்கம் பிளவுற்றது. கர்டிஸ் வழியினர் பின்னர் உடலியல் மருத்துவம் என்னும் தனிப்பிரிவை வளர்த்தனர். 1843இல் பாஸ்டனில் தாம்சன் காலமானார். மருத்துவ உரிமச் சட்டங்களைப் பல மாநிலங்கள் நீக்கியதில் அவரது இயக்கத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மருத்துவம் அனைவர்க்கும் பொது என்ற தாம்சன், அதனை விலைக்குரிய தம் உடைமையாகவும் காத்தார். காப்புரிமையே இயக்கத்தை ஊர்தோறும் கொண்டுசென்றது. அவ்வுரிமை ஒருவர் கையில் நின்றமையால், கற்றோர் தனியுரிமையை எதிர்த்த இயக்கம் நிறுவனரின் தனியுரிமையையும் எதிர்கொள்ள நேர்ந்தது. மக்கள் மருத்துவ வரலாற்றை ஆராய்வோர், அறிவைப் பரப்பிய முறையோடு அதனை உடைமையாக்கிய முறையையும் இணைத்து நோக்குதல் வேண்டும் என்பது இதனால் புலனாகிறது.