நாட்டார் பாடலும் நா.வா.வும்

ஏட்டில் எழுதப்பட்டதே இலக்கியம் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், வயற்காட்டிலும் கோயிற் கொடையிலும் ஒலித்த பாடல்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாக உயர்த்திய அறிஞர் நா. வானமாமலை ஆவார்.

இவர் 1917 டிசம்பர் 7 ஆம் நாள் நாங்குநேரியில் பிறந்தார். அவ்வூர்ப் பெருமாளின் திருப்பெயரே இவருக்கும் பெயராயிற்று. ஆசிரியப் பணியாற்றிப் பின் அதனைத் துறந்து, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பொதுவுடைமை இயக்கத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். இவரைத் தமிழுலகம் பேராசிரியர் என்றே அழைத்தது.

1964 இல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' இவருடைய பெருந்தொகுப்பு. பாடலைச் சேகரித்தவர் பெயரையும் கிடைத்த ஊரையும் அதில் பதிவு செய்தார். சேகரித்தோருள் ஒருவரான எஸ்.எஸ். போத்தையா சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். வேப்பம்பட்டு, திருநின்றவூர்ப் பகுதி வயல்களில் நடவு நட்ட மூதாட்டியர் நம் மாணவர் சிலர் இல்லங்களில் இன்றும் இருக்கக்கூடும். அவர்தம் பாட்டை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு போதும். வயல்களோ மனைகளாகி வருகின்றன.

கேட்டதைக் கேட்டவாறே அச்சிடுதல் எளிதன்று. பிரான்சின் மேற்கு முனையில் பிரெத்தோன் மொழிப் பாடல்களைத் தொகுத்து 1839 இல் வெளியிட்ட வில்மார்க்கே, அவற்றைத் திருத்தி மெருகேற்றினார் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளானார். அவருடைய களக்குறிப்பேடுகள் 1964 இல் கண்டறியப்பட்ட பின்னரே, அவர் மக்களிடமிருந்தே பாடல்களைப் பெற்றார் என்பது உறுதியாயிற்று.

வானமாமலை எதிர்கொண்ட சிக்கல் வேறு வகையினது. பாடலை ஏற்கெனவே பிறர் திருத்தியிருந்தனர். அந்தணனாகிய முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் புதல்வியர் பொம்மக்காள், திம்மக்காள் இருவரையும் மணந்து, ஆநிரை கவர்ந்தோருடன் பொருது மாண்டவன். இக்கதையின் சில வடிவங்களில், அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே, வாலப்பகடை வளர்த்தவனே என ஒரு செய்தி நுழைந்திருந்தது. வடிவங்களை ஒப்பிட்டு, இது சாதி வேலியைக் காப்பதற்காகப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது என நா.வா. காட்டினார். ஒரு சொற்றொடரால் இரு பெண்களின் பிறப்பே மாற்றப்பட்டிருந்தது! எளியோரின் கதை எளியோர்க்கே உரியது என்னும் நீதியை இவ்வாய்வு நிலைநாட்டியது. இவர் பணிகளுள் இதனையே தலையாயதாகக் கருதத் தோன்றுகிறது.

1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்திற்காக இவர் பதிப்பித்த கதைப்பாடல்களுள் 'கான்சாகிபு சண்டை' நம் சமுதாயத்தார் அறியவேண்டிய ஒன்று. கும்பினிப் படையில் உயர்ந்து, மதுரையை ஆண்டு, பின்னர் கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட யூசுப்கானின் கதை அது. ஆவணங்கள் அவரைக் கலகக்காரர் என்றன. நாட்டுப்புறப் பாடகன் அவரை வீரராகப் பாடினான். கட்டபொம்மு கதைப்பாடலுக்குக் காட்டிய அதே கவனத்தை நா.வா. இதற்கும் காட்டினார்.

1967 இல் நெல்லை ஆய்வுக்குழுவை நிறுவினார். 1969 இல் 'ஆராய்ச்சி' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். இளைஞர் கட்டுரை படிப்பதும், அதனை ஏனையோர் தயக்கமின்றி மறுப்பதும் அக்குழுவின் வழக்கம். ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர் அங்கு உருவாயினர். 1980 பிப்ரவரி 2 அன்று நா.வா. மறைந்தார். தமிழ் நாட்டார் படைப்புகளைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல், மறு ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்தது.