அச்சகத்து வீட்டுப் பிள்ளை

கோல்கத்தாவின் கார்பார் சாலையில் ஒரு பெரிய வீடு இருந்தது. அதன் ஒரு பகுதியில் அச்சு இயந்திரங்கள் ஓடின. ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழ் அங்கே அச்சானது. 1913ஆம் ஆண்டு அவ்விதழைத் தொடங்கியவர் உபேந்திரகிஷோர் ராய்.

அவருடைய பேரன் சத்யஜித் ராய் 1921ஆம் ஆண்டு பிறந்தார். அவருக்கு இரண்டரை வயதானபோது தந்தை சுகுமார் நோயால் காலமானார். சில ஆண்டுகளில் அச்சகம் நொடித்துப் போனது. வீடும் கைவிட்டுப் போனது, இதழும் நின்றது.

தாயார் சுப்ரபா மகனுடன் தம் சகோதரர் வீட்டில் குடியேறினார். அவர் தையல் கற்றுக்கொடுத்துப் பொருள் ஈட்டினார். மகனுக்கு வீட்டிலேயே பாடமும் சொல்லிக்கொடுத்தார்.

வளர்ந்த சத்யஜித், விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றினார். 1955ஆம் ஆண்டு வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ என்ற முதல் திரைப்படம் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. எனினும், அவர் பழைய வீட்டை மறக்கவில்லை. 1961ஆம் ஆண்டு நண்பர் ஒருவருடன் சேர்ந்து ‘சந்தேஷ்’ இதழை மீண்டும் தொடங்கினார். அதற்காகக் கதைகள் எழுதினார், படங்களும் வரைந்தார்.

பாட்டனாரின் அச்சகம் திரும்பி வரவில்லை. ஆனால், அவர் தொடங்கிய இதழ் மீண்டும் சிறுவர்களின் கைகளில் தவழ்ந்தது.